கோயில்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?

என் பெரியப்பா 26 ஆண்டுகளாகக் கோயில்பிள்ளை. கத்தோலிக்கக் கோயிலில் கதவு திறப்பவர், மணி அடிப்பவர், பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவர், கூட்டுபவர் எல்லாம் ஒருவரேதான். காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். அப்பம், ரசம், மெழுகுவர்த்தி, அன்றைய வாசகப் பக்கம் எல்லாம் சாமியார் வரும்முன் தயாராக இருக்கும். தவக்காலத்துக்கு ஊதா, வேதசாட்சிகள் திருநாளுக்குச் சிவப்பு என்று பூசை உடுப்பின் நிறம் நாள்காட்டி பார்க்காமலே அவருக்குத் தெரியும். புதிதாக மாற்றலாகி வரும் சாமியார்கள் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவரிடம்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு பாஸ்கா இரவு வரை மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்ட வேண்டும். வருடத்தில் மணிக்கயிறு ஓய்வெடுப்பது அப்போது மட்டும்தான். ஆனால் அந்த நாட்களில் அவருக்கு வேலை இரண்டு மடங்கு.

மாதம் 6,000 ரூபாய், கையில். வேலை நியமனக் கடிதம் கிடையாது, வருங்கால வைப்பு நிதி கிடையாது, வார விடுமுறை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வேட்டி உண்டு. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் ஒரே பதில்தான்: "இது ஊழியம், இதுக்குக் கூலி மேல இருக்கு." அதே கோயில் திருவிழாவில் சீரியல் பல்புக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவைப் பங்குப் பேரவை கணக்கெழுதி வாசிக்கிறது. அந்தக் கணக்கில் யாரும் ஊழியம் என்ற சொல்லைச் சொல்வதில்லை.

நாங்கள் தலித் கிறித்தவர்கள். பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த வருடம், அவர் பூசைப் பாத்திரத்தைத் தொடுவதா என்று பெரிய தெருவிலிருந்து சிலர் சாமியாரிடம் போனார்கள். அன்றிருந்த சாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் இன்றும் பெரிய தெருக் கல்யாணத்துக்கு விடியலிலிருந்து கோயிலைத் தயார் செய்பவர் அவர், பந்தியில் கடைசியாக அழைக்கப்படுபவரும் அவர். சாவு மணி யாருக்கும் ஒரே மணிதான். சவப்பெட்டி மட்டும் கல்லறைத் தோட்டத்தில் தெருவுக்கு ஏற்றபடி இரண்டு பக்கமாகப் பிரிகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையின் சுவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் சுவர் இல்லை, எல்லோருக்கும் எல்லை தெரியும்.

ஆகஸ்ட் 10 அன்று கோயிலில் கறுப்புக்கொடி கட்டுவதும் பெரியப்பாதான். 1950இல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். இந்த அநீதிக்கு எதிரான போராட்டத்தில் நானும் நிற்கிறேன். ஆனால் மதம் மாறியும் சாதி எங்களை விடவில்லை என்று டெல்லிக்குச் சொல்லும் திருச்சபை, அந்தச் சாதி தன் பங்குகளில் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் எங்கள் சக்கிரீஸ்து வரை வந்து சேரவில்லை.

"இதையெல்லாம் இப்போது பேசினால் சங்கிகளுக்குத்தான் லாபம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சங்கிகளுக்குப் பெரியப்பாவின் சம்பளத்தில் அக்கறை இல்லை, அவர்கள் கோயில்களிலும் பெருக்குபவர் நிலை இதுதான். நாம் பேசாமல் இருப்பதால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. 62 வயதில் முழங்கால் வலியோடு மணிக்கூண்டு ஏறுகிறவருக்குத்தான் நஷ்டம்.

"சின்னப் பங்குக்கு வருமானம் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இதை ஒவ்வொரு பங்குத்தந்தையின் இரக்கத்துக்கும் விடாமல் மறைமாவட்டம் பொதுநிதியிலிருந்து சம்பளம் தர வேண்டும். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நடத்தத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கோயில்பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது கடினமா?

தமிழ்நாடு அரசு உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்கும் நலவாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதிவு செய்யலாம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "நான் இங்க வேல பாக்குறேன்னு எதக் காட்டுறதுப்பா?" என்று கேட்டார். 26 வருடமாகச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது, பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

நியமனக் கடிதம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, வங்கி வழியாகச் சம்பளம், ஓய்வூதியம். கேட்பது இவ்வளவுதான். இதை வாசிக்கும் கிறித்தவத் தோழர்கள், அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் கோயில்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு? கேட்கும்போது அவர் பெரும்பாலும் பின்னால், நாற்காலிகளை அடுக்குவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.