விளிம்பால் தெரியும் வட்டம்



குண்டுவீச்சு விமானத்துக்கும் வெளிச்சக் குண்டுக்கும் பயந்தே அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதே வானத்தில் ஆறுதலாகப் பார்க்கக்கூடிய ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதுகின்றேன்.

சாப்பாட்டுத் தட்டை மேலிருந்து பார்த்தால் வட்டம். கண் மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பால் பார்த்தால் வெறும் கோடு. சுருள் வடிவ நட்சத்திரத் திரள்களும் அப்படித்தான். எங்கள் பால்வீதியும் அத்தகையதொரு தட்டே. அதனுள் இருந்து பார்ப்பதால் எங்களுக்கு அது வெண்பட்டையாகத் தெரிகின்றது.

வெளியேயுள்ள ஒன்றையும் பார்க்கலாம். டிசம்பரில் மழை ஓய்ந்த, நிலவில்லாத இரவில் எட்டு மணியளவில் தெற்கே பாருங்கள். நல்ல உயரத்தில் டிப்தா என்ற வெள்ளி தனித்து மின்னும். கையை நீட்டி, அதிலிருந்து தெற்காக நான்கு விரல் அகலம் அளவுங்கள். அவ்விடத்தைப் பைனாகுலரால் பார்த்தபோது மங்கலான புகைக்கீற்று ஒன்றைக் கண்டேன். நேராகப் பார்ப்பதிலும் ஓரக்கண்ணால் பார்க்கையில் நன்றாகத் தெரிந்தது. வானியலாளர் அதற்கு என்.ஜி.சி. 253 எனப் பெயரிட்டுள்ளனர். அதன் ஒளி எங்களிடம் வந்து சேர ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள் எடுக்கின்றது.

இதனை 1783இல் முதலில் கண்டவர் ஒரு பெண். கரோலின் ஹேர்ஷல் 1750இல் ஜேர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். பத்து வயதில் வந்த காய்ச்சலால் வளர்ச்சி குன்றி, நாலேகால் அடி உயரத்துடன் நின்றுவிட்டார். வீட்டுவேலைக்கே உதவுவாள் எனத் தாய் எண்ணினார். 1772இல் அண்ணனுடன் இங்கிலாந்து சென்று கணிதமும் வானியலும் கற்றார். எட்டு வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தார். 1787இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் வழங்கினார். 1828இல் வானியல் சங்கத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தது.

இங்கிலாந்தில் இத்திரள் அடிவானையொட்டியே தெரியும். எங்களுக்கோ உயரத்தில் தெரிகின்றது. அவ்வகையில் எங்கள் முற்றம் அவருடையதிலும் வசதியானது.

விதவை, முகாமில் இருந்தவள், கால் இழந்தவள் என்று எங்களையும் பலர் விளிம்பால் மட்டுமே பார்க்கின்றார்கள். கோடாகத் தெரிவதால் தட்டு கோடாகிவிடாது. உங்கள் பெண்பிள்ளை வானத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால், வேலை கிடக்கின்றதென்று அனுப்பிவிடாதீர்கள். பாடசாலையில் பைனாகுலர் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளையுடன் நீங்களும் சேர்ந்து பாருங்கள்.