புகையை வாடகைக்கு எடுக்கும் பள்ளிகள்

பதிவு கொஞ்சம் நீளம். ஆண்டு விழா நெருங்கும் நேரம் என்பதால் தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இப்போது பள்ளி மேடைகளில் ஒரு மோகம். நடனம் தொடங்கியதும் தரையோடு தரையாக வெண்புகை தவழ வேண்டும். கல்யாண வீட்டில் பார்த்தது பள்ளிக்கும் வந்துவிட்டது. ஆள் வருகிறார், டிரை ஐஸைக் கொதிநீரில் போடுகிறார், ஐந்து நிமிடம் புகை, கையில் பணம், போய்விடுகிறார். பிள்ளைகளுக்கு அதில் கிடைத்தது என்ன? வாய் பிளந்து பார்த்தது மட்டும்தான்.

இதே புகையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே வரவழைக்கலாம் என்றால் சிரிக்கிறார்கள். செய்ய முடியும். நான் பணியாற்றிய நடுநிலைப் பள்ளியில் செய்திருக்கிறோம்.

சாதாரணப் புகை எந்திரம் கிளைக்கால் கலந்த நீரைச் சூடாக்கிப் புகையாகத் தள்ளும். அது சூடானது, அதனால் மேலே எழும்பிக் கலைந்துவிடும். அதே புகையைக் குளிர வைத்தால் சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகித் தரையில் படியும். விஷயம் இவ்வளவுதான்.

மீன் கடையில் தூக்கிப்போட்ட மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி ஒன்று. வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள் இரண்டு. பழைய டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டு. பெட்டியின் ஒரு பக்கம் மேலே ஒரு துளை, எதிர்ப்பக்கம் கீழே ஒரு துளை, இரண்டிலும் குழாய். உள்ளே கம்பிக் கூண்டின் மேல் பனிக்கட்டித் துண்டுகள். உருகும் நீர் கீழ்க்குழாயை அடைக்காமல் வெளியேற அடியில் ஒரு சிறு துளை. எந்திரத்தின் வாயை மேல்குழாயில் ஒட்டவைக்காமல் சற்று இடைவெளி விட வேண்டும். வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். பனிக்கட்டியைத் தூளாக்கினால் புகைக்கு வழியில்லை, துண்டுகளாகவே இருக்கட்டும். எந்திரம் மட்டும் ஒலிபெருக்கிக்காரரிடம் இரவல்.

"உப்பு போட்டா இன்னும் குளிருமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். குச்சி ஐஸ் வண்டியைப் பார்த்து வளர்ந்தவன். போட்டுப் பார்த்தோம். குளிர்ந்தது, ஆனால் பனிக்கட்டி சீக்கிரம் கரைந்தது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும் என்ற வரியை அந்த வகுப்புக்கு நான் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. 'வெப்பம்' பாடம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"குப்பையில் செய்தால் பள்ளியின் மதிப்பு என்ன ஆகும்?" என்பார்கள். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டியே வாழ்நாளைக் கழித்த அரவிந்த் குப்தா, கான்பூர் ஐஐடியில் படித்தவர். 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது இந்த நாடு. அவருக்குக் குறையாத மதிப்பு நமக்கு மட்டும் குறைந்துவிடுமா?

"ஆபத்து" என்பார்கள். சரி, ஆபத்தைப் பற்றியே பேசுவோம். டிரை ஐஸ் என்பது மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு. வெறுங்கையில் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். அதன் வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத அரங்கில் தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சடைக்க வைக்கும். குட்டிப் பிள்ளைகளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது? 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில் வாய் மணக்க என்று டிரை ஐஸைக் கொடுத்து, ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். அதை மேடைக்கு அனுமதிப்பவர்கள் தெர்மோகோல் பெட்டியைக் கண்டு அஞ்சுவது வேடிக்கை.

எங்கள் பெட்டிக்கும் கவனம் தேவைதான். எந்திரத்தின் வாய் சுடும். மின் இணைப்பு ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். அந்த எந்திரத்துக்கென்றே விற்கும் திரவத்தைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. இளைப்பு உள்ள பிள்ளையை மேடையிலிருந்து தள்ளி உட்கார வைக்க வேண்டும். தரை ஈரமானால் துடைக்க வேண்டும். இவற்றைச் சொல்லிக்கொடுப்பதும் பாடம்தானே?

செயல்வழிக் கற்றல் என்று நம் மாநிலத்தில் எத்தனை பயிற்சி, எத்தனை அட்டை! ஆனால் அறிவியல் கண்காட்சி வந்தால் கடையில் ரெடிமேட் மாடல் வாங்குகிறோம். ஆண்டு விழா வந்தால் புகையை வாடகைக்கு எடுக்கிறோம். பிள்ளைகளின் கைக்கு வேலை எப்போது?

தலைமை ஆசிரியர்களே, இந்த ஆண்டு ஒரே ஒரு மேடைப் பொருளையாவது பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பெற்றோரே, கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். புகை கொஞ்சம் குறைவாக வந்தால் வரட்டும். ஏன் குறைந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். பயனுள்ளது என்று தோன்றினால் உங்கள் பள்ளிக் குழுவில் பகிருங்கள்.