கந்தரோடையைக் காணாதார்

கதிரவன் காயும் நாடு, பண்டை இடிபாடுகள், கடலிடைச் சிதறிய தீவுகள் என்றவுடன் கற்றவர் நெஞ்சில் எழுவது கிரேக்கமே. ஏதென்சின் கற்றூண்களையும் தேலோசுத் தீவின் சிதைவுகளையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டுமென்ற வேட்கை பலருக்குண்டு. அவ்வேட்கை தவறன்று. ஆயின், இம்மூன்றும் ஒருங்கே அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து, சுன்னாகச் சந்தைக்கு நாள்தோறும் வந்து செல்வோருள் எத்தனை பேர் அயலிலுள்ள கந்தரோடைக்கு ஒருநாளாவது சென்றுள்ளனர்?

பனைகளின் நடுவே முருகைக்கல்லாலான சிறு தூபிகள் பல அங்கே நெருங்கி நிற்கின்றன. 1917 ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1970 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் பண்பாட்டிற்குரிய கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. உரோம நாணயங்களும் அவ்வூரிற் கிடைத்துள்ளன. தூபிகள் எழுமுன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர். கடல்கடந்த உறவும் கொண்டிருந்தனர் என்பதற்கு இவை சான்றாம்.

இத்தகைய இடத்தை இருசாரார் இருவகையாற் காணாது விடுகின்றனர். 2009 இல் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்திறங்குவோருட் பலர், பௌத்தம் இருந்த இடமெல்லாம் சிங்களவர் இருந்த இடமே என்று கருதித் தொழுது மீள்கின்றனர். அயலிலுள்ள தமிழரோ, பௌத்தமெனின் அது தமக்குரியதன்று என்று கருதி வாயிலையும் மிதியாது செல்கின்றனர். இருவர் முடிபும் ஒன்றே. ஒருவர் உரிமை கொண்டாடும் தவற்றையே மற்றவர் ஒதுங்கி நின்று உறுதிப்படுத்துகின்றனர்.

தமிழர்க்குப் பௌத்தம் அயலதன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்த காப்பியமே. அதிற் கூறப்படும் மணிபல்லவத்தை நயினாதீவெனக் கொள்வாரும் உளர். மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' எனத் தனிநூலே இயற்றினார். வகுப்பறையில் மணிமேகலைக்கு உரை கூறிவிட்டு, கந்தரோடைத் தூபியைக் கண்டதும் முகந்திருப்புவது எவ்வகைக் கல்வி?

"தூபியைத் தமிழர் போற்றினால், நிலத்திற்கு உரிமை கோருவோர் கை ஓங்காதோ?" என அஞ்சுவார் உளர். தொல்பொருளின் பெயரால் நிலம் பறிபோகும் என்ற அச்சம் வடக்கிலும் கிழக்கிலும் வெறுங் கற்பனையன்று. ஆயினும் மருந்து மௌனமன்று. பராமரிப்பாரற்ற காணிக்குப் பிறர் வேலியிடுவது யாழ்ப்பாணத்தார் அறியாததன்று. வரலாற்றிற்கும் அதுவே விதி.

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் போன்றோர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிக் காத்தனர். அவர் வாழ்ந்த காலத்திலேயே அயலூர் மண்ணிலிருந்து பழம்பொருள்கள் வெளிவந்தன. ஏட்டிற்குக் காட்டிய பரிவிற் பாதியேனும் மண்ணிற்குக் காட்டப்பட்டதா என்பதைத் தமிழ்ச் சமூகம் தன்னைத்தானே வினவுதல் வேண்டும். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையை அகழ்ந்து, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையை வெளிக்கொணர்ந்தனர். முயன்றால் இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இன்றைய மாணவர் செல்லட்டும். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவின் கோட்டைச் சிதைவுகளையும் காணட்டும். படம் பிடித்து மீள்வதற்காகவன்று. அளந்து, வரைந்து, ஊர் முதியோரிடம் கேட்டு எழுதுதற்காக. அவ்வாறு எழுதப்படும் வரலாறு ஒரே இனத்திற்கோ ஒரே சமயத்திற்கோ வேலியிடாது. உள்ளதை உள்ளவாறு உரைக்கும். கிரேக்கம் காத்திருக்கும். கந்தரோடை நெடுங்காலம் காத்திராது.