நல்ல கடிதமும் குப்பைக்குப் போகலாமா?

சென்னை கே.கே. நகரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா ஓய்வு பெற்றவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் வேலை தேடுகிறான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் பெட்டி.

காலையில் பெட்டியைத் திறந்தால் என்ன தெரிகிறது?

"பரிசு விழுந்தது!" "உடனே கடன்!" "வீட்டில் இருந்தே வேலை!" எல்லாம் குப்பை.

மகனுக்கு ஆத்திரம் வந்தது. "வேலை என்ற சொல் உள்ள கடிதங்களை எல்லாம் அழித்துவிடு" என்று பெட்டிக்கு ஒரு விதி போட்டான். தொல்லை ஒழிந்தது.

ஆனால், அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதத்திலும் "வேலை" என்ற சொல் இருந்ததே! அதுவும் போயிற்று!

1978-ல் பிறந்த தொல்லை

இந்தத் தொல்லை புதிது அல்ல. 1978-ம் ஆண்டு மே 3-ந் தேதி, அமெரிக்காவில் கேரி துர்க் என்பவர் கம்ப்யூட்டர் விற்பதற்காக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுதான் முதல் குப்பை மின்னஞ்சல் என்று சொல்லப்படுகிறது.

குப்பையைத் தடுக்க வடிகட்டிகள் வந்தன. வடிகட்டியும் தவறு செய்யும். 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர் மக்கள், ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். காரணம்? ஊர்ப் பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் இருந்தன. எந்திரத்துக்கு எழுத்து தெரியும். ஊர் தெரியுமா?

பாதிச் சோதனை போதாது

விதி போடுவது தவறு அல்ல. சோதிக்காமல் போடுவதுதான் தவறு.

"ஸ்பாம்அசாசின்" என்று ஒரு வடிகட்டி உண்டு. அது ஒவ்வொரு கடிதத்துக்கும் மார்க் போடும். வழக்கமாக 5 மார்க் வந்தாலே குப்பை. அதைச் சோதிப்பதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு 1,000 மார்க்! அது பிடிபட்டால் வடிகட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இது பாதிச் சோதனைதான். முறத்தில் புடைக்கும் அம்மா, உமி போனதா என்று மட்டுமா பார்க்கிறார்? அரிசியும் கூடப் போகிறதா என்றும் பார்க்கிறார் அல்லவா?

என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து விதியை எழுதியதும், முதலில் தேடிப் பார்க்கலாம். பழைய கடிதங்களில் எவை எவை சிக்கும் என்று தெரிந்துவிடும். பேங்க் கடிதமோ, கல்லூரிக் கடிதமோ அதில் இருந்தால் விதியை மாற்ற வேண்டும்.

எடுத்த எடுப்பில் "அழித்துவிடு" என்று சொல்லக்கூடாது. தனியாக ஒதுக்கிவைக்கச் சொல்லி, இரண்டு வாரம் கவனிக்க வேண்டும்.

ஜிமெயிலின் குப்பைப் பெட்டிக்குப் போன கடிதம் 30 நாளில் தானே அழிந்துவிடும். ஆகவே, வாரம் ஒரு முறை அதையும் திறந்து பார்ப்பது நல்லது.

பத்துக் குப்பைக் கடிதங்கள் வந்தால் பத்து நிமிடம் வீண். ஒரு நல்ல கடிதம் தொலைந்தால் ஒரு வேலையே போய்விடும். எது பெரிய நஷ்டம்?