காற்றுக்கும் கூலி கொடுக்கிறோம்



பல்லேகலயிலிருந்து கண்டிக்கோ திகனவுக்கோ வேனில் போகும்போது எண்ணெயைக் குடிப்பவை பெரும்பாலும் ஏற்றமும் வளைவும் நெரிசலும்தான். அதே வேன், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மீரிகம - குருநாகல் அதிவேகப் பாதையில் ஏறியதும் வேறொன்று வழிமறிக்கிறது. அதுதான் காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். 50 கிலோமீற்றர் வேகத்தில் நாம் கவனிக்காத காற்று, 100இல் நம் பணப்பையில் கை வைக்கிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் நாஸா நிறுவனத்தார் 1970களில் ஒரு பழைய வேனை அலுமினியத் தகட்டால் மூடிச் சதுரப் பெட்டியாக்கினார்கள். அதை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, வேகம் குறைய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார்கள். பிறகு முன்பக்க விளிம்புகளை வளைவாக்கி மீண்டும் ஓட்டினார்கள். காற்றின் தடை 52 வீதம் குறைந்தது!

இதில் நமக்கென்ன பாடம்? வேன் கூரையில் கெரியரைப் பூட்டி, மூட்டைகளை அடுக்கி, வேலை முடிந்த பின்னும் அதைக் கழற்றாமல் மாதக்கணக்கில் ஓடுகிறோமே, அது காற்றுக்குக் கொடுக்கும் கூலி. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டு வாங்கிய நாட்களை மறந்துவிட்டோமா? வீண்விரயம் சமையலறையில் மட்டுமா இருக்கிறது?

"இதைப் பூட்டினால் எண்ணெய் மிச்சம்" என்று கடைக்காரர் சொன்னதும் வீட்டுக்காரர் பணத்தை நீட்டினால், "முதலில் சோதித்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தாங்கி நிறைய எண்ணெய் அடித்து, ஒரே பாதையில், ஒரே சுமையுடன், ஒரே வேகத்தில் போய்த் திரும்புங்கள். மறுபடி நிறைய அடிக்கும்போது எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். கெரியரோடு சில முறை, இல்லாமல் சில முறை. போகவும் வரவும் ஓடினால்தான் ஏற்றமும் எதிர்க்காற்றும் கணக்கில் சமப்படும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை! நாஸாவினர் செய்ததைப் போல நியூட்ரலில் விட்டுப் பார்க்கும் வேலை நம் மலைப் பாதைகளுக்கு ஆகாது. கடுகண்ணாவை போன்ற இறக்கங்களில் கியர்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும்; அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். எண்ணெய் மிச்சத்தை விட வேனுக்குள் இருக்கும் பிள்ளைகளின் உயிர் பெரிது.

அடுத்த பயணத்துக்கு முன் வாசலுக்கு வந்து கூரையை ஒரு தடவை பாருங்கள். தேவையில்லாத கெரியர் இருந்தால் அன்றே கழற்றச் சொல்லுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.