நஷ்டஈடு கேட்பது பேராசையா?



நம் செங்கம் ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்ட இரண்டு சமயங்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2016 ஜூலையில், நகை வாங்குவது பற்றித் தெருவில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த கணவன், மனைவி, மகன் மூவரையும் போலீஸ்காரர்கள் லத்தியால் விளாசிய வீடியோ. 2023 அக்டோபரில், கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையில் செங்கத்தை ஒட்டி அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகள். அவற்றில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

இப்படி எது நடந்தாலும் ஊர் முதலில் கேட்பது, "யாரை உள்ளே தள்ளினாங்க?" என்றுதான். அடிபட்டவரின் வைத்தியச் செலவு, இறந்தவரின் பிள்ளைகளுடைய படிப்பு பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விடுகிறது. தப்பு செய்தவரைத் தண்டிப்பது குற்றவியல் சட்டம். இழந்தவருக்கு ஈடு வாங்கித் தருவது தீங்கியல் சட்டம். ஒரு வழக்கு நடப்பதால் மற்றது போடக்கூடாது என்றில்லை.

தீங்கில் இரண்டு வகை முக்கியம். முதலாவது, தெரிந்தே செய்வது: கைநீட்டி அடிப்பது, அடிக்கப் பாய்ந்து மிரட்டுவது, அடைத்துவைப்பது, அவதூறு பரப்புவது. காக்கிச் சட்டைக்கும் இதில் விலக்கில்லை. டில்லியில் போலீஸ் அடித்து இறந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தாய்க்கு 75,000 ரூபாய் கொடுக்கும்படி டில்லி நிர்வாகத்துக்கு 1989-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலையின்போது ஊழியர் செய்த தீங்குக்கு, வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு.

இரண்டாவது, கவனக்குறைவு. இங்கே சட்டம் பார்ப்பது மூன்று: கவனமாக இருக்கவேண்டிய கடமை இருந்ததா, அதில் தவறினாரா, அதனால்தான் இழப்பு வந்ததா. ஜவ்வாது மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து கம்பியில் கரண்ட் வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இருட்டில் யாராவது அந்தக் கம்பியை மிதித்தால், "என் கொல்லைக்குள் அவன் ஏன் வந்தான்?" என்பது பதிலாகாது. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்குப் பிறர் வராமலிருக்க மின்கம்பி கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1963-ல் ஏற்கவில்லை. அது குற்ற வழக்கு என்பதால், சிறைத் தண்டனை உறுதியானது.

மின்வாரியத்தின் கம்பியே அறுந்து கிடந்து உயிர் போனால், கவனக்குறைவை நிரூபிக்கக்கூட வேண்டாம். ஆபத்தான ஒன்றை வைத்து நடத்துகிறவரே பொறுப்பு என்று 2002-ல் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்திலும், யார்மேல் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழி தருகிறது. தவறை நிரூபித்து அதிகம் கேட்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வயது, வருமானம், நம்பியிருந்தோர் எண்ணிக்கை எல்லாம் கணக்கில் வரும். சம்பளமில்லாமல் வீட்டில் உழைத்த பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புப் போடுவார்கள்.

ஆனால் நம் ஊர்களில் நடப்பது வேறு. காரியம் முடிவதற்குள் நாலு பெரிய மனிதர்கள் வருவார்கள். "போன உசுரு திரும்பவா போவுது? கேஸு வேணாம், பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். ஒரு கட்டு நோட்டு கைமாறும். எதுவும் எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவார்கள். செத்தவர் பேரில் காசு வாங்குவதா என்ற கூச்சத்தில் வீட்டுக்காரர்களும் தலையாட்டிவிடுவார்கள். இந்தக் கூச்சத்தில் லாபம் பார்ப்பது தீங்கு செய்தவர் மட்டுமே. நஷ்டஈடு தானமும் இல்லை, பேராசையும் இல்லை. பறிபோன சம்பாத்தியத்துக்கான கணக்கு.

எனவே ஒரு வேண்டுகோள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவ பில், கூலிச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். காலக்கெடு இருப்பதால் நாள் கடத்தாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும், ஜவ்வாது மலைவாழ் மக்கள் உட்படப் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். அல்லது 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்