கூட்டமில்லாத பீச் தேடும் வடசென்னை மக்கள்: எண்ணூர் கடற்கரை காலியாக கிடப்பது ஏன்?

காத்திவாக்கம்-

அரையாண்டு பரீட்சை முடிந்து லீவு விட்டாலே வீட்டில் பிள்ளைகள் தொல்லை தாங்காது. "பீச்சுக்கு கூட்டிட்டு போப்பா" என்று ஆரம்பித்து விடுவார்கள். அந்த லீவு முடிந்த சூட்டோடு பொங்கல் லீவு வந்து விடும். வெயிலும் குறைவு. ஊட்டி, கொடைக்கானல் போக வசதி இல்லாத குடும்பங்களுக்கு காசு செலவில்லாத ஒரே டூர், கடற்கரைதான்.

ஆனால் மெரினாவுக்கு போக பலருக்கு பயம். காணும் பொங்கல் அன்று அங்கே மணலே தெரியாத அளவுக்கு கூட்டம் இருக்கும். குழந்தைகள் காணாமல் போகாமல் இருக்க கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுகிறது போலீஸ். கடலில் யாரும் இறங்கி விடாதபடி சவுக்கு கட்டைகளால் தடுப்பு போடுகிறார்கள். காலை நனைக்காமலே திரும்பி வர எதற்கு இரண்டு வண்டி மாறி போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு.

அதனால்தான் திருவொற்றியூர், எர்ணாவூர், காத்திவாக்கம் பக்கத்து ஆட்களுக்கு "நம்ம ஊர்லயே கடல் இருக்கே, கூட்டமும் இல்லையே" என்ற எண்ணம் வருகிறது. எண்ணம் நியாயமானது. ஆனால் ஒரு கடற்கரை லீவு நாளிலும் காலியாக கிடந்தால், அது ஏன் காலியாக கிடக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

துரைமார் ஓய்வெடுத்த ஊர்

எண்ணூர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் காலத்தில் மதராஸ் துரைமார்கள் ஓய்வுக்காக வந்து போன ஊர் இது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு, இரண்டும் சேரும் முகத்துவாரம் என்று காற்று வாங்க ஏற்ற இடமாக இருந்தது.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. அனல் மின் நிலையம், உரத் தொழிற்சாலை, பெட்ரோலிய நிறுவனங்கள், 2001-ம் ஆண்டு எண்ணூர் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. அந்த துறைமுகம்தான் இப்போது காமராஜர் துறைமுகம். கடலை ஒட்டிய எண்ணூர் விரைவு சாலையில் இன்று காற்று வாங்க வருபவர்களை விட கன்டெய்னர் லாரிகள்தான் அதிகம்.

மணல் எங்கே போனது?

வடசென்னை கரையில் உட்கார மணல் குறைந்து போனதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1875-ம் ஆண்டு சென்னை துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கப்பல் நிற்க கடலுக்குள் நீளமாக சுவர் கட்டினார்கள். நம்ம பக்கத்து கடலில் வருஷத்தில் பல மாதங்கள் நீரோட்டம் தெற்கே இருந்து வடக்கே மணலை தள்ளிக் கொண்டு வரும். அந்த மணல் துறைமுக சுவரில் தட்டி நின்று விட்டது.

நின்ற மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை அரித்துக் கொண்டே போனது. குப்பங்களில் வீடுகளும் கோவில்களும் கடலுக்குள் போயின. மிச்சத்தை காப்பாற்ற பாறாங்கல்லை கொட்டினார்கள். தூண்டில் வளைவு அமைத்தார்கள். அதாவது மெரினாவில் அவ்வளவு மணல் சேர்ந்ததும், நம்ம பக்கம் கல் மேல் கால் வைக்க வேண்டி இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

இந்த கற்கள்தான் லீவுக்கு வருபவர்களுக்கு முதல் ஆபத்து. பாசி பிடித்த கல்லில் செல்பி எடுக்க நின்றால் வழுக்கும். தூண்டில் வளைவுகளை ஒட்டி சில இடங்களில் தண்ணீர் உள்ளே இழுக்கும். மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் என்று நினைத்து இறங்கினால் அடுத்த அடியில் ஆழம். இந்த பக்கம் குளிக்க இறங்கி உயிரை விட்டவர்களில் பலர் வெளியூரில் இருந்து வந்தவர்கள். எந்த இடத்தில் இழுக்கும் என்பது குப்பத்து ஆட்களுக்கு தெரியும். வந்தவர்களுக்கு தெரியாது.

லீவு மாதத்தில் வந்த சோதனைகள்

இரண்டாவது காரணம் தண்ணீர். இந்த கரைக்கு வந்த பெரிய சோதனைகள் எல்லாம் லீவு காலத்தை ஒட்டியே வந்திருக்கின்றன.

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி அதிகாலை காமராஜர் துறைமுகம் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர் கரையில் தார் போல வந்து ஒதுங்கியது. அதை ஆட்கள் வாளியால் அள்ளிய படத்தை நாடே பார்த்தது.

2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிவு பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக வந்து முகத்துவாரம் முழுக்க படர்ந்தது. படகு, வலை, வீட்டு சுவர் எல்லாம் கருப்பானது. கூழைக்கடா பறவைகள் சிறகில் எண்ணெய் ஒட்டி தவித்தன. மீன் விற்கவில்லை.

அந்த கறை போவதற்குள், அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவு நேரத்தில் பெரியகுப்பத்தில் கடலுக்கு அடியில் போகும் குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்தது. மூச்சு விட முடியாமல் ஜனங்கள் குழந்தைகளை தூக்கிக் கொண்டு ரோட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். இப்படி ஒரு கரையில் கூட்டம் இல்லை என்றால் அதிசயம் என்ன?

பழவேற்காடு போகலாமா?

அடுத்து பலர் நினைப்பது பழவேற்காடு. காத்திவாக்கத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரெயில் ஏறினால் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். செலவு குறைவு. ஏரி, கலங்கரை விளக்கம், டச்சுக்காரர்களின் பழைய கல்லறை தோட்டம், இந்த சீசனில் வரும் பூநாரைகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. மணலும் உண்டு, கூட்டமும் குறைவு.

ஆனால் இங்கேயும் ஒரு கிறிஸ்துமஸ் நாளை மறக்க முடியாது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி இருந்தார்கள். உயிர் காக்கும் ஜாக்கெட் யாரும் போட்டிருக்கவில்லை. அதன் பிறகு சுற்றுலா படகு சவாரிக்கு தடை விதிக்கப்பட்டது. பழவேற்காடு போகிறவர்கள் கரையில் இருந்தே ஏரியை பார்த்து விட்டு வரலாம். "ஒரு ரவுண்டு போலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது கூப்பிட்டால் ஏறக் கூடாது. முகத்துவாரம் பக்கம் குளிக்கவும் கூடாது.

தெற்கே கோவளம் கடற்கரைக்கு 2021-ம் ஆண்டு நீலக்கொடி சான்று கிடைத்தது. தண்ணீர் சுத்தம், பாதுகாப்பு, கழிப்பறை உள்பட 33 விஷயங்களை பார்த்து தரும் சான்று அது. உயிர் காக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் காத்திவாக்கத்தில் இருந்து போக சென்னை முழுவதையும் தாண்ட வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு போக வர, சாப்பாடு என்று தினக்கூலியில் பாதி போய் விடும்.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

* துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றி இருந்தாலோ, மீனவர்கள் கடலுக்கு போகாமல் இருந்தாலோ, அன்று கரைக்கு போக வேண்டாம்.

* எந்த கரைக்கு போனாலும் முதலில் பக்கத்து குப்பத்தில் கேளுங்கள். அவர்கள் இறங்காத இடத்தில் நீங்களும் இறங்காதீர்கள்.

* தண்ணீர் மேல் எண்ணெய் மினுமினுத்தாலோ, மூக்கை துளைக்கும் நெடி வந்தாலோ குழந்தைகளை உடனே அழைத்துக் கொண்டு கிளம்புங்கள்.

* இருட்டுவதற்கு முன் திரும்பி விடுங்கள். ஆளில்லாத கரையில் கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருக்காது. ஆம்புலன்சுக்கு 108, கடலோர பாதுகாப்பு போலீசுக்கு 1093.

மெரினாவில் கூட்டம் தொல்லைதான். ஆனால் அந்த கூட்டத்துக்காக போலீஸ் நிற்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, விளக்கு எரிகிறது. இங்கே ஜனங்கள் வருவதில்லை என்று வசதி செய்வதில்லை. வசதி இல்லை என்று ஜனங்கள் வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க பெரிய பணம் தேவையில்லை. இழுக்கும் இடங்களில் தமிழில் எச்சரிக்கை பலகை, லீவு நாட்களில் குப்பத்து இளைஞர்களையே சம்பளம் கொடுத்து காவலுக்கு நிறுத்துவது, ஒரு கழிப்பறை, நாலு விளக்கு. இவ்வளவு செய்தாலே உயிர் பலி குறையும்.

எண்ணெய், சாம்பல், கழிவு ஆற்றில் கலக்காமல் தடுப்பது அதை விட பெரிய வேலை. அது நடக்கும் நாளில் காத்திவாக்கத்து பிள்ளைகள் காற்று வாங்க ரெயில் ஏற வேண்டியதில்லை. தெரு முனையிலேயே கடல் இருக்கிறது.